கிகாபிட் பெட்டியில் கிகாபிட் ஓடுகிறதா? கையைக் கடிக்காமல் சோதிக்கும் வழிகள்

புதிதாக 8 போர்ட் சுவிட்ச் வாங்கியாயிற்று. அல்லது வீட்டு ஃபைபர் இணைப்பை 1 கிகாபிட் திட்டத்துக்கு மாற்றியாயிற்று. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘கிகாபிட்’ என்று போட்டிருக்கிறது. அது அச்சில் மட்டும்தானா, வயரிலும் உண்டா என்று பார்க்க என்ன வாங்கலாம்? கேட்டால் ஒருவர் “ஐபெர்ஃப் ஓட்டினால் போதும்” என்பார்; இரண்டு முனைகளுக்கு நடுவே வேகம் அளக்கும் இலவச நிரல் அது. இன்னொருவர் “லட்ச ரூபாய் டெஸ்டர் இல்லாமல் அளந்தால் அது அளவே இல்லை” என்பார். இரண்டும் பாதி சரி. உங்களுக்குச் சந்தேகம் கேபிள் மேலா, சுவிட்ச் மேலா, ரவுட்டர் மேலா என்பதைப் பொறுத்துத்தான் எது போதும் என்பது மாறும். கேபிளைச் சோதிக்கக் காசே வேண்டாம். ரவுட்டருக்குச் சில ஆயிரம் ஆகலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் இரண்டு எண்கள்.

1500 பைட் சுமக்கும் ஓர் ஈதர்நெட் ஃபிரேம் (டேட்டாவைக் கட்டி அனுப்பும் பொட்டலம்) வயரில் 1538 பைட் இடம் பிடிக்கிறது. முன்னால் போகும் ஒத்திசைவுக் குறி 8, ஹெட்டர் 14, பிழைச் சரிபார்ப்பு 4, அடுத்த ஃபிரேமுக்கு முன் விடும் இடைவெளி 12. உள்ளே இருக்கும் 1500-லும் ஐபி, டிசிபி ஹெட்டர்களும் டைம்ஸ்டாம்பும் போக, உண்மையான டேட்டா 1448 பைட். 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.9415. ஆகவே டிசிபியில் (தொலைந்ததை மறுபடி அனுப்பும் வழக்கமான முறை) 941 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 941 மெகாபிட், வந்தால் வயர் நிரம்பிவிட்டது. “மீதி 59 எங்கே போச்சு” என்று தேட வேண்டாம். விண்டோஸில் கோப்பு நகலெடுக்கும்போது 112 எம்பி என்று காட்டுவதும் இதே 941-தான். விண்டோஸ் ஓர் எம்பிக்கு 10,48,576 பைட் என்று கணக்குப் போடுகிறது.

அடுத்தது 14,88,095. மிகச் சிறிய 64 பைட் ஃபிரேம்களாகவே அனுப்பினால் ஒரு கிகாபிட் வயரில் ஒரு விநாடிக்கு ஒரு திசையில் போகக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கை அது. பெரிய 1518 பைட் ஃபிரேம் என்றால் வெறும் 81,274.

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் விலை மலிந்த ரவுட்டர்கள் விழுகின்றன. விநாடிக்கு ஒரு லட்சம் பாக்கெட் (ஒரு ஃபிரேமுக்குள் ஒரு பாக்கெட்) மட்டுமே கையாளும் ரவுட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஃபிரேமில் அது முழு கிகாபிட் காட்டும். 81 ஆயிரம்தானே தேவை. 64 பைட் ஃபிரேமில் அதே பெட்டி 51 எம்பிபிஎஸ்-இல் நின்றுவிடும். 941 வந்ததைப் பார்த்துவிட்டு ‘பாஸ்’ என்று எழுதினால், சோதித்தது பாதிதான்.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் கேட்க வேண்டியவை: பிட்டை மட்டும் அளக்கிறதா, பாக்கெட் எண்ணிக்கையையும் அளக்கிறதா? அளக்கும் கருவிக்கே அந்த வேகம் உண்டா? இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியுமா? பாக்கெட் தொலைந்தால் எங்கே தொலைந்தது என்று சொல்லுமா? கடைசியாக, விலைச் சீட்டில் இல்லாத செலவு என்ன?

## கோப்பு நகலெடுப்பதும் இணைய வேகச் சோதனையும்

இவற்றுக்குச் செலவு இல்லை, ஆனால் சோதனை என்று சொல்லவும் முடியாது. கோப்பு நகலில் ஹார்ட் டிஸ்க், ஆன்டிவைரஸ், கோப்பின் அளவு எல்லாம் கலந்துவிடும். வேகச் சோதனைத் தளம் உங்கள் சுவிட்சை அளப்பதில்லை. தெருமுனை வரைக்கும், அதற்கு அப்பாலும் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிறது. 112 எம்பி வந்தால் நல்லது, நிறுத்திக்கொள்ளலாம். வராவிட்டால் யார் குற்றவாளி என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

## இரண்டு கம்ப்யூட்டரும் ஐபெர்ஃப்3-உம்

பெரும்பாலானவர்களுக்கு இதுவே தொடக்கம். ஒரு பக்கம் சர்வராக, மறு பக்கம் கிளையன்டாக ஓட்ட வேண்டும். 5201 போர்ட் திறந்திருக்க வேண்டும். லேப்டாப்பில் ஈதர்நெட் இல்லையென்றால் 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் யுஎஸ்பி 3.0 கிகாபிட் அடாப்டர் வாங்கலாம்.

முதலில் சோதிக்கும் பெட்டியை விலக்கிவிட்டு இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே கேபிளால் நேரடியாக இணைத்து ஓட்டுங்கள். 941 வருகிறதா? அதற்குப் பிறகுதான் நடுவில் சுவிட்சைச் செருக வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் பாதிப் பேர் நல்ல சுவிட்சைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்.

எதுவும் சொல்லாவிட்டால் ஐபெர்ஃப்3 ஓடும் 10 விநாடி போதாது. 60 விநாடி ஓட்டி, முதல் மூன்று விநாடியைக் கணக்கிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்து ‘ஆர்’ விருப்பத்தால் திசையைத் திருப்பி இன்னொரு முறை. 3.7 பதிப்பிலிருந்து ‘பைடிர்’ விருப்பம் உண்டு. இரு திசையும் ஒரே நேரத்தில் ஓடும். யூடிபி (தொலைந்தாலும் மறுபடி அனுப்பாத முறை) சோதனையில் வேகத்தைச் சொல்லாவிட்டால் ஐபெர்ஃப்3 வெறும் 1 எம்பிபிஎஸ் அனுப்பும். அதைப் பார்த்துப் பதறுபவர்கள் இன்றும் உண்டு.

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் ஒரு பென் டிரைவில் உபுண்டு லைவ் ஏற்றி அதிலிருந்து துவக்குங்கள். ஐபெர்ஃப்3-ஐ உருவாக்கிய ஈஎஸ்நெட் விண்டோஸுக்கு அதிகாரபூர்வ ஆதரவு தருவதில்லை. தவிர, ஃபயர்வாலும் ஆன்டிவைரஸும் வழியிலிருந்து விலகிவிடும்.

இதன் எல்லை பாக்கெட் எண்ணிக்கைதான். யூடிபி டேட்டா நீளத்தை 18 பைட் என்று வைத்தால் 64 பைட் ஃபிரேம் கிடைக்கும். ஆனால் ஐபெர்ஃப் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கெர்னலை (இயங்குதளத்தின் உட்கரு) தட்டி எழுப்பவேண்டியிருப்பதால் சாதாரண கம்ப்யூட்டரில் 14.88 லட்சத்துக்கு வெகு முன்பே மூச்சு வாங்கும். தொலைந்த பாக்கெட்டும் பெட்டிக்குள்தான் தொலைந்தது என்று சொல்ல முடியாது. பெறும் கம்ப்யூட்டரின் சாக்கெட் பஃபர் நிரம்பியும் தொலையும். நெட்ஸ்டாட் கட்டளை காட்டும் யூடிபி புள்ளிவிவரத்தில் பெறுதல் பஃபர் பிழை ஏறுகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைத் திட்டலாம்.

## ஒரே கம்ப்யூட்டர், இரண்டு நெட்வொர்க் கார்டு

செலவுக்கும் பயனுக்கும் கணக்குப் பார்த்தால் எங்கள் முதல் தேர்வு இதுதான். டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே ஒரு போர்ட் இருக்கும். இன்னொரு கார்டு போட்டால் சோதனை மேசை தயார். இரண்டாவது கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு கார்டுக்கும் 10.0.0.1, 10.0.0.2 என்று முகவரி கொடுத்து ஐபெர்ஃப் ஓட்டினால் 20, 30 கிகாபிட் என்று வரும். பூரிக்க வேண்டாம். இரண்டு முகவரியும் தன்னுடையவை என்று லினக்ஸுக்குத் தெரியும். பாக்கெட்டை வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், சோதனை அப்போதும் ஓடும்.

தீர்வு, நெட்வொர்க் நேம்ஸ்பேஸ். ஒரு கார்டைத் தனி அறையில் வைத்துப் பூட்டுவது போல:

1. ‘ஐபி நெட்என்எஸ்’ கட்டளையால் புதிய நேம்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்குங்கள்.
2. ‘ஐபி லிங்க்’ கட்டளையால் இரண்டாவது கார்டை அதற்குள் நகர்த்துங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கார்டு காணாமல் போயிருக்கும், அதுதான் சரி.
3. உள்ளே போனதும் கார்டு முகவரியை இழந்து, அணைந்த நிலையில் இருக்கும். நேம்ஸ்பேஸுக்குள்ளிருந்தே முகவரி கொடுத்து எழுப்புங்கள்.
4. ஐபெர்ஃப் சர்வரை நேம்ஸ்பேஸுக்குள்ளும் கிளையன்டை வெளியிலும் ஓட்டுங்கள்.

இப்போது கேபிளைப் பிடுங்கினால் சோதனை நிற்க வேண்டும். நின்றால்தான் அமைப்பு சரி. நெட்வொர்க் மேனேஜர் நடுவில் புகுந்து முகவரியை மாற்றினால், அந்தக் கார்டைக் கவனிக்காதே என்று அதற்குச் சொல்லிவிடுங்கள். ரீபூட் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், பயமில்லை.

ரவுட்டரைச் சோதிப்பதற்கும் இதுவே வசதி. நேம்ஸ்பேஸில் உள்ள கார்டு வான் (இணையம் வரும்) பக்கம், மற்றது லான் (வீட்டு வலை) பக்கம். இரண்டு பக்கமும் 192.168.1 என்றே வைத்தால் ரவுட்டர் குழம்பும். வான் பக்கத்துக்கு வேறு வலை கொடுங்கள். உங்கள் உண்மையான இணைப்பு பிஎஸ்என்எல் ஃபைபர் போலப் பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையும் முறை) என்றால், வான் பக்கத்தில் பிபிபிஓஇ சர்வர் ஒன்றையும் ஓட்டிச் சோதிப்பதே நியாயம். அதில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 ஆகிவிடுவதால் உச்சம் 936, 941 அல்ல.

மறைசெலவு கார்டில் இருக்கிறது. பழைய பிசிஐ ஸ்லாட் கார்டு வேண்டாம். 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ மொத்தமே விநாடிக்கு 133 எம்பிதான், அதுவும் இரு திசைக்கும் பொதுவாக. ஒரு திசை ஓட்டவே திணறும். இரு திசையும் சேர்த்தால் பாதியில் படுத்துவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரே லேன் (டேட்டா போகும் தடம்) உள்ள கார்டு எதுவானாலும் போதும்.

## ராஸ்பெரி பை

கையில் ஏற்கெனவே இருந்தால் அருமையான மறுமுனை. ஐபெர்ஃப் சர்வராக்கி அலமாரியில் விட்டுவிடலாம். மாடியில் உள்ள ரேக்குக்குச் சட்டைப்பையில் போட்டு எடுத்துப் போகலாம். ஆனால் மாடல் முக்கியம். 3பி வரை 100 எம்பிபிஎஸ் போர்ட். 3பி பிளஸ்ஸில் போர்ட் கிகாபிட் என்று பெயர். உள்ளே யுஎஸ்பி 2.0 வழியாகப் போவதால் 300-ஐ ஒட்டியே நிற்கும். பை 4-இலிருந்துதான் உண்மையான கிகாபிட். டிசிபியில் 940-ஐத் தொடும். சிறு பாக்கெட் பந்தயத்துக்கு ஆகாது.

இதற்கென்றே புதிதாக வாங்குவதானால், போர்டு விலையோடு பவர் அடாப்டர், மெமரி கார்டு, கேஸ் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசுக்குப் பழைய டெஸ்க்டாப் கிடைக்கும். கைபேசி சார்ஜரில் ஓட்டி, மின்னழுத்தம் குறைந்து பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் வழக்கமான கதை.

## பாக்கெட் ஜெனரேட்டர்: பிகேடிஜென், டிரெக்ஸ்

ரவுட்டரின் உண்மையான தரம் தெரிய வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும். வன்பொருளுக்கு இன்டெல் ஐ350 அல்லது 82576 சிப் கொண்ட, சர்வரிலிருந்து கழற்றிய கார்டு போதும். பழைய சந்தையில் சில ஆயிரத்துக்குள் அகப்படும். மென்பொருள் இலவசம்.

பிகேடிஜென் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கும் மாட்யூல். பாக்கெட்டைக் கெர்னலுக்குள்ளேயே தயாரித்துக் கார்டுக்குத் தள்ளுவதால், நல்ல கார்டில் 14.88 லட்சத்தை எட்டும். 64 பைட் ஃபிரேம் வேண்டுமென்றால் அளவு 60 என்று கொடுக்க வேண்டும். கடைசி 4 பைட் சரிபார்ப்பைக் கார்டு தானே சேர்க்கும். பிகேடிஜென் அனுப்ப மட்டும்தான் செய்யும், பெற்றதை எண்ணாது. மறுமுனைக் கார்டின் எண்ணிக்கையை ஈத்டூல் கட்டளை தரும் புள்ளிவிவரத்தில் நீங்களே படித்துக் கழிக்க வேண்டும். அதில் ‘மிஸ்டு’ என்ற வரி ஏறினால், தவறவிட்டது பெறும் கம்ப்யூட்டர், ரவுட்டர் அல்ல.

சிஸ்கோ திறந்த மூலமாக வெளியிட்ட டிரெக்ஸ் ஒரு படி மேல். அனுப்புவது, பெறுவது, இழப்பு, தாமதம் எல்லாவற்றையும் தானே கணக்கிடும். 64 பைட் 7, நடுத்தரம் 4, பெரியது 1 என்ற விகிதத்தில் கலந்து அனுப்பும் ஐமிக்ஸ் சோதனையும் செய்யலாம்; சிறிதும் பெரிதும் கலந்த உண்மையான போக்குவரத்துக்கு அது இன்னும் பக்கத்தில் வரும். டிரெக்ஸ் போர்ட்களை ஜோடியாகக் கேட்கும். கார்டைக் கெர்னலிடமிருந்து முழுதாகப் பறித்துக்கொள்ளும் என்பதால், அந்தக் கார்டு வழியாகவே எஸ்எஸ்ஹெச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைவது) செய்திருந்தால் இணைப்பு அறுந்துவிடும். நிர்வாகத்துக்குத் தனிப் போர்ட் வேண்டும். ரியல்டெக் கார்டை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

இங்கே மறைசெலவு உங்கள் நேரம். முதல் முறை ஒரு முழு வார இறுதி போய்விடும். தட்டிலிருப்பது வெறும் 5 போர்ட் சுவிட்ச் என்றால் அதற்கு இது வீண்.

## மைக்ரோடிக் வைத்திருப்பவர்களுக்கு

மைக்ரோடிக் ரவுட்டர்களின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ்-இல் டிராஃபிக் ஜெனரேட்டரும் பேண்ட்வித் டெஸ்டும் கூடவே வருகின்றன. ஏற்கெனவே இரண்டு பெட்டி இருந்தால் பயன்படுத்தலாம். இதற்கென்று வாங்க வேண்டாம். பேண்ட்வித் டெஸ்டைச் சோதிக்கும் ரவுட்டரிலேயே ஓட்டுவது பெரிய தப்பு. பாக்கெட் தயாரிக்கும் வேலையும் அதே சிபியு தலையில் விழுந்து, எண் தாழ்ந்து வரும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல இயங்குதளம் போட்ட ரவுட்டருக்குள் ஐபெர்ஃப் நிறுவி ஓட்டுவதும் அதே தப்புதான். ரவுட்டர் நடுவில் இருக்க வேண்டும்; அது அனுப்பவும் கூடாது, பெறவும் கூடாது.

## டெஸ்டரை வாடகைக்கு எடுப்பது

எக்ஸ்ஃபோ, வியாவி போன்ற கையடக்கக் கருவிகள் 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2544 என்ற சோதனை ஆவணத்தின் முறைப்படி 64 முதல் 1518 வரை ஏழு ஃபிரேம் அளவுகளில் தானே ஓட்டி, அறிக்கையும் அச்சிட்டுத் தரும். அந்த முறையில் ‘த்ரூபுட்’ என்றால் ஒரு ஃபிரேம்கூடத் தொலையாத உச்ச வேகம். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் அந்த அறிக்கை வேண்டும் என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை, வாடகைக்கு எடுங்கள். மற்றபடி வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | புதுச் செலவு | 941 காட்டுமா | சிறு பாக்கெட் | ஏமாற்றும் இடம் |
|---|---|---|---|---|
| இரண்டு கம்ப்யூட்டர், ஐபெர்ஃப்3 | 0 முதல் 2,000 ரூபாய் | ஆம் | ஓரளவு | மெதுவான லேப்டாப், யுஎஸ்பி 2.0 போர்ட் |
| ஒரே கம்ப்யூட்டர், நேம்ஸ்பேஸ் | ஒரு கார்டு | ஆம் | ஓரளவு | உள்ளுக்குள் திரும்பும் பாக்கெட் |
| ராஸ்பெரி பை 4, 5 | இருந்தால் 0 | ஆம் | இல்லை | பவர் அடாப்டர், பழைய மாடல் |
| பிகேடிஜென், டிரெக்ஸ் | பழைய இன்டெல் கார்டு | ஆம் | முழுதாக | கார்டின் இழப்பை ரவுட்டர் மேல் போடுவது |
| வாடகை டெஸ்டர் | நாள் வாடகை | ஆம் | முழுதாக | கூரியர், முன்பணம் |

## சுவிட்சுக்கு மட்டும் ஒரு தனி உத்தி

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு போர்ட்டில் 941 வருவது சுவிட்சைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. 8 போர்ட் சுவிட்ச் அட்டையில் 16 ஜிபிபிஎஸ், 11.9 எம்பிபிஎஸ் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது 8 போர்ட் பெருக்கல் இரு திசை. இரண்டாவது மெகாபிட் அல்ல, விநாடிக்கு 119 லட்சம் பாக்கெட், 14.88 லட்சத்தை எட்டால் பெருக்கிய கணக்கு. அதைச் சோதிக்க எட்டுப் போர்ட்டும் ஒரே நேரத்தில் நிரம்ப வேண்டும்.

விலான் (போர்ட்களைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது) வசதியுள்ள சுவிட்ச் என்றால் இரண்டே சோதனைப் போர்ட்டும் மூன்று சிறு கேபிளும் போதும். பாம்புச் சோதனை என்பார்கள். 1-2 போர்ட்களை விலான் 10-இல், 3-4 ஐ 20-இல், 5-6 ஐ 30-இல், 7-8 ஐ 40-இல் போடுங்கள். 2-லிருந்து 3-க்கு, 4-லிருந்து 5-க்கு, 6-லிருந்து 7-க்குக் கேபிள். சோதனைக் கம்ப்யூட்டர் 1-லும் 8-லும். ஒரே பாக்கெட் எட்டுப் போர்ட்டையும் வளைந்து கடக்கும். இரு திசையும் ஓட்டினால் எல்லாப் போர்ட்டும் முழுச் சுமையில் இருக்கும்.

இங்கே தவறுவது வழக்கமாக நான்கு இடத்தில். விலானை அமைக்கும் முன்பே கேபிளைச் செருகினால் சுழல் உண்டாகிச் சுவிட்ச் திணறும். விலை மலிந்த ஸ்மார்ட் சுவிட்சுகளில் விலான் உறுப்பினர் பட்டியல் ஒரு பக்கம், பிவிஐடி (போர்ட்டுக்குள் வரும் பாக்கெட் எந்த விலானில் சேரும் என்ற எண்) இன்னொரு பக்கம். முதலாவதை மட்டும் மாற்றினால் எதுவும் போகாது. எஸ்டிபி (சுழலைக் கண்டுபிடித்து அடைக்கும் வசதி), சுழல் தடுப்பு போன்றவை இயங்கினால் போர்ட்டை மூடிவிடும், அணைத்துவிடுங்கள். கடைசியாக, எல்லா விலானுக்கும் ஒரே மேக் அட்டவணை (எந்தக் கார்டு முகவரி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) வைத்திருக்கும் சுவிட்சில் ஒரே முகவரி நாலு போர்ட்டில் தெரிந்து, பாக்கெட் திசை தடுமாறும். அது வேகக் குறைவு அல்ல. அந்தச் சுவிட்சுக்குப் பாம்புச் சோதனை பொருந்தாது, அவ்வளவே.

விலான் இல்லாத சாதா சுவிட்சுக்கு நாலு ஜோடி போர்ட் வேண்டும். அதற்குக் காசு செலவழிப்பதைவிட, இரண்டு போர்ட்டாக மாற்றி மாற்றி 24 மணி நேரம் ஓட்டி, சிஆர்சி பிழை (பழுதாகி வந்த ஃபிரேம்) ஏறுகிறதா, பெட்டி தொட முடியாத அளவு சுடுகிறதா என்று பார்ப்பது மேல்.

## வந்த எண்ணைப் படிப்பது

94 வந்தால், அதாவது 941-இல் பத்தில் ஒன்று, இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிட்டது. கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று கிரிம்ப்பில் (கேபிள் முனையில் பிளக்கை அழுத்திய இடத்தில்) சரியாகக் கடிக்கவில்லை. 300 சொச்சம் வந்தால் அடாப்டரை யுஎஸ்பி 2.0 துளையில் செருகியிருக்கிறீர்கள். 600-க்கும் 800-க்கும் நடுவே ஆடினால் லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ரவுட்டரில் 941 வந்து, க்யூஓஎஸ் (எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என்று பிரிப்பது) அல்லது பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்கியதும் சரிந்தால், அதுவரை வேலை செய்தது சிபியு அல்ல, வன்பொருள் ஆஃப்லோடு (சிபியுவின் சுமையைத் தான் ஏற்கும் தனிச் சுற்று). வீட்டில் எந்த வசதிகளோடு பயன்படுத்தப் போகிறீர்களோ அதே அமைப்பில் சோதியுங்கள்.

இழப்பே இல்லாமல், ஆனால் வேகமும் ஏறாமல் நின்றால் ஃப்ளோ கன்ட்ரோலைச் சந்தேகியுங்கள். சுவிட்ச் ‘பொறு’ என்று நிறுத்தச் சொல்லும் ஃபிரேம் அனுப்பிக் கம்ப்யூட்டரை அடக்கி வைத்திருக்கும். பாக்கெட்டைத் தொலைக்க வேண்டிய இடத்தில் அது தெரியாமல் போகும். ஈத்டூலில் இரு முனைக் கார்டிலும் அதை அணைத்துவிட்டே ஆர்எஃப்சி பாணிச் சோதனையைத் தொடங்க வேண்டும்.

## கார்டு வாங்கப் போகிறீர்களா

சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பழைய நாலு போர்ட் இன்டெல் கார்டு தேடும்போது மூன்று விஷயம். போலி ஐ350 கார்டுகள் நிறையப் புழங்குகின்றன. புதுசு என்று சொல்லிப் பாதி விலைக்குத் தருவதைவிட, சர்வரிலிருந்து கழற்றிய தூசி படிந்த கார்டே மேல். அந்தக் கார்டு நாலு லேன் நீளம், சின்ன ஒரு லேன் ஸ்லாட்டில் நுழையாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று டெஸ்க்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒல்லியான ஆபீஸ் டெஸ்க்டாப் என்றால் குட்டைப் பிராக்கெட்டும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்; தனியாக அது கிடைப்பது குதிரைக்கொம்பு.